கடற்காற்றில் காயுமா கார்ட்ரிட்ஜ்?

ஞாயிற்றுக்கிழமைகளில் புதுச்சேரி காந்தி வீதியில் நடக்கத்தான் முடியும். வண்டியை எங்காவது ஓரங்கட்டிவிட்டு வர வேண்டும். வீதி நெடுக சண்டே மார்க்கெட். சட்டை, செருப்பு, போர்வை, பிளாஸ்டிக் சாமான் என்று கூவி விற்கும் சத்தத்துக்கு நடுவே, பழைய சார்ஜரும் ரிமோட்டும் கீபோர்டும் பரப்பிய தார்ப்பாய்க் கடைகளும் உண்டு. அந்தக் குவியலைப் பொறுமையாகக் கிளறினால் சில நேரம் ஒரு கறுப்புப் பெட்டி கையில் சிக்கும். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. ஒரு பக்கம் தாமிர நிறப் புள்ளிகள், அடியில் சின்னதாக ஒரு உலோகத் தகடு. யாரோ மை தீர்ந்ததும் கழற்றிப் போட்ட பிரிண்டர் கார்ட்ரிட்ஜ்.

அதைத் திருப்பி அடியைப் பார்க்கிறவர்கள் விவரம் தெரிந்தவர்கள். தகட்டில் காய்ந்த மை பொருக்காகப் படிந்திருந்தால் கீழே வைத்துவிடுவார்கள். லேசான ஈரக்கறை தெரிந்தால் பேரம் ஆரம்பிக்கும்.

வீட்டில் பிரிண்டர் வைத்திருக்கும் எவருக்கும் இந்தக் கணக்கு புரியும். எச்.பி. 680 கார்ட்ரிட்ஜையே எடுத்துக்கொள்ளுங்கள். கம்பெனி சொல்லும் கணக்குப்படி கறுப்பு 480 பக்கம் வரும். மூன்று வண்ணமும் சேர்ந்த கலர் கார்ட்ரிட்ஜ் 150 பக்கம்தான். பள்ளிக்கூட பிராஜெக்ட் சீசனில் 150 பக்கம் எந்த மூலைக்கு? கறுப்பும் கலருமாக இரண்டு புது கார்ட்ரிட்ஜ் வாங்கப் போனால், இன்னும் கொஞ்சம் போட்டால் புது பிரிண்டரே வந்துவிடுமே என்று தோன்றும். ஆகவே சிரிஞ்சும் மை பாட்டிலும் வாங்கி வீட்டிலேயே நிரப்பிக்கொள்ளும் வழக்கம் எல்லா ஊரிலும் போல இங்கேயும் உண்டு. ஆனால், இந்த ஊரில் அதற்கு எதிராக நிற்பவை இரண்டு. ஒன்று தண்ணீர், இன்னொன்று காற்று.

ஊசி முனையில் பிறந்த வித்தை

காந்தி வீதியிலிருந்து நேரு வீதிக்குத் திரும்பினால் ஜவுளிக்கடைகளுக்கு நடுவே ஜெராக்ஸ், டி.டி.பி., பிரவுசிங் போர்டுகள் தென்படும். புதுச்சேரியில் காகிதத்துக்குக் கொஞ்சம் கூடுதல் வேலை. 1954 நவம்பர் 1-ம் தேதி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16-ல்தான் நடந்தது. அந்த மாற்றத்தின்போது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்கள் இன்னமும் இங்கே இருக்கின்றன. பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், அவற்றின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு, அதற்கொரு நகல் என்று அந்த வீடுகளில் காகிதம் ஓயாது. மறுநாள் காலை தூதரக அலுவலகத்தில் கொடுக்க வேண்டிய படிவத்தில் பாதி எழுத்து வெள்ளைக் கோடாக விழுந்தால் எப்படி இருக்கும்!

அந்த வெள்ளைக் கோடு எங்கிருந்து வருகிறது என்று தெரிய, கார்ட்ரிட்ஜுக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும்.

உள்ளே இருப்பது ஒரு ஸ்பாஞ்ச். கலர் கார்ட்ரிட்ஜில் மூன்று அறைகள், மூன்று ஸ்பாஞ்சுகள். மை அதில் ஊறி நிற்கிறது. அடியில் உள்ள தகட்டில் வரிசை வரிசையாகத் துளைகள். ஒவ்வொன்றும் தலைமுடியைவிட மெல்லியது. ஒவ்வொரு துளைக்குப் பின்னாலும் ஒரு நுண்ணிய ஹீட்டர். பிரிண்டர் கட்டளையிட்டதும் அந்த ஹீட்டர் கண்ணிமைப்பதற்குள் சுட்டு, மை கொதித்து ஒரு குமிழி கிளம்பும். அந்தக் குமிழி ஒரு சொட்டு மையைத் துளை வழியாகக் காகிதத்தில் தள்ளும். எழுத்து, படம், பூனைக்குட்டியின் மீசை எல்லாமே இப்படிச் சொட்டுச் சொட்டாக விழுந்தவைதான்.

இந்த வித்தை பிறந்த கதையில் ஒரு சிரிஞ்ச் வருகிறது. 1977-ல் ஜப்பானின் கேனான் ஆய்வுக்கூடத்தில், மை நிரப்பிய சிரிஞ்சின் ஊசி மீது சூடான சால்டரிங் அயர்ன் தவறுதலாகப் பட்டது. ஊசி முனையிலிருந்து மை பீச்சி அடித்தது. சூடு பட்டால் மை துள்ளும் என்பது அங்கே பிடிபட்டது. அமெரிக்காவில் எச்.பி. நிறுவனத்தினரும் ஏறக்குறைய அதே காலத்தில் தனியாக இதே வழிக்கு வந்து சேர்ந்தார்கள். 1984-ல் அவர்களின் ‘திங்க்ஜெட்’ சந்தைக்கு வந்தது. இன்றைக்கு நாம் கார்ட்ரிட்ஜ் நிரப்பக் கையில் எடுப்பதும் அதே சிரிஞ்ச்தான்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ஹீட்டரைக் குளிர்விப்பதும் அந்த மையேதான். மை இல்லாமல் ஹீட்டர் சுட்டால், தண்ணீர் வற்றிய பாத்திரத்தை அடுப்பில் வைத்த கதை. கருகிய ஹீட்டரை எந்த மையும் உயிர்ப்பிக்காது. மங்கலாக வருகிறதே என்று ‘இன்னும் ஒரே ஒரு பக்கம்’ எடுக்கும்போதுதான் பல கார்ட்ரிட்ஜ்கள் சாகின்றன.

எப்போது தீர்ந்தது?

ரீஃபில் செய்யத் தெரிந்தவர் கேட்கும் முதல் கேள்வி இதுதான். நேற்றோ முந்தாநாளோ தீர்ந்தது என்றால் கழுவுகிற பேச்சே வேண்டாம். ஸ்பாஞ்ச் இன்னும் ஈரமாக இருக்கும். அதே வகை மையை அப்படியே நிரப்பிவிடலாம். இதைச் சொல்லாமல் எல்லாவற்றையும் கழுவச் சொல்வது வேலையைக் கூட்டுவது மட்டுமல்ல, நல்ல கார்ட்ரிட்ஜைக் கெடுப்பதும்கூட.

முழுப் பரீட்சை லீவு முடிந்து பிரிண்டரைத் திறக்கிறோம், இரண்டு மாதமாக மை இல்லாமல் கிடந்திருக்கிறது என்றால் கதை வேறு. அல்லது கம்பெனி மாறிய மையை ஊற்றப் போகிறோம். சண்டே மார்க்கெட்டில் எடுத்ததாகவும் இருக்கலாம். அப்போது கழுவித்தான் ஆக வேண்டும். பழைய மையும் புது மையும் ஒத்துப்போகாவிட்டால் உள்ளேயே கட்டிதட்டிவிடும். கறுப்புக் கார்ட்ரிட்ஜ்களில் பெரும்பாலும் பிக்மென்ட் மை, அதாவது நுண்ணிய துகள்கள் மிதக்கும் மை இருக்கும். கலரில் இருப்பது தண்ணீரில் கரைந்த சாய மை. கறுப்புதானே என்று சாய மையைப் பிக்மென்ட் இருந்த பெட்டியில் கழுவாமல் ஊற்றுவது பாலில் எலுமிச்சை பிழிவது மாதிரி.

கழுவுவதற்கு எந்தத் தண்ணீர்? இங்கேதான் புதுச்சேரியின் முதல் எதிரி வருகிறான். நகரம் நம்பியிருப்பது நிலத்தடி நீரை. கடலோரம் என்பதால் பல இடங்களில் அதில் உப்பு ஏறியிருக்கிறது. பக்கெட்டின் அடியில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்தவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தண்ணீரைக் கார்ட்ரிட்ஜில் விட்டால், காய்ந்த பின் உப்பு மட்டும் துளையில் உட்கார்ந்துகொள்ளும். மையைக் கழுவி உப்பை அடைத்த புண்ணியம்தான் மிஞ்சும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்ற வாங்கி வைத்த டிஸ்டில்டு வாட்டர் வீட்டில் இருந்தால் அதுவே போதும்.

அதைக் கை பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவந்து, ஒரு தட்டில் அரை விரல்கடைக்கும் குறைவாக ஊற்றி, கார்ட்ரிட்ஜின் அடித்தகடு மட்டும் நனையும்படி வைக்க வேண்டும். பத்து நிமிடத்தில் தண்ணீரில் நிறம் இழையிழையாக இறங்கும். எடுத்து, டிஷ்யூ பேப்பரில் ஒற்ற வேண்டும். தேய்க்கக் கூடாது, பஞ்சு வைத்த குச்சியால் சுரண்டவும் கூடாது. ஒரு நார் ஒட்டினாலும் நாலு துளை அடைபடும். பிறகு மேலே உள்ள லேபிளைப் பாதி உரித்தால் தெரியும் துளைகளில், சிரிஞ்சால் சுத்தமான தண்ணீரை மெதுவாக விட வேண்டும். கலர் கார்ட்ரிட்ஜ் என்றால் முதலில் ஒவ்வொரு துளையிலும் ஒரு பல்குத்தும் குச்சியை விட்டு எந்த அறையில் என்ன நிறம் என்று பார்த்து எழுதி வைத்துக்கொள்வது நல்லது. ஓர் அறைக்கு ஒரு சிரிஞ்ச். மஞ்சளில் நீலம் கலந்துவிட்டால் அப்புறம் வரும் படங்களில் எல்லோரும் பச்சை முகத்தோடு சிரிப்பார்கள்.

டிஷ்யூவில் வழியும் தண்ணீர் கிட்டத்தட்ட நிறமில்லாமல் வரும்வரை இதைச் செய்ய வேண்டும். இதுவரை எல்லோரும் ஒழுங்காகத்தான் வருகிறார்கள். தப்பு நடப்பது அடுத்த படியில்.

கழுவிய கையோடு மையை ஏற்றிவிடுகிறார்கள். ஸ்பாஞ்சில் தண்ணீர் நிற்கிறது. அது நிற்கும் இடத்தில் மைக்கு இடமில்லை. போன மையும் நீர்த்துப் போகிறது. அச்சில் கறுப்பு சாம்பலாகிறது, சிவப்பு ரோஸாகிறது. ‘ரீஃபில் மையே இப்படித்தான்’ என்று பழி மையின் மேல் விழுகிறது. இன்னும் மோசம், பக்கவாட்டில் உள்ள தாமிரப் புள்ளிகளில் ஈரம் இருக்கும்போதே பிரிண்டரில் மாட்டுவது. மின்சாரம் பாயும் இடம் அது. சொட்டு ஈரம் இரண்டு புள்ளிகளை இணைத்தால் கார்ட்ரிட்ஜ் போய்விடும், கூடவே பிரிண்டரும் அடிவாங்கலாம்.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்

நேரு வீதியில் கிழக்கே நடந்து பெரிய வாய்க்காலைத் தாண்டினால், மஞ்சள் சுவர்களும் காகிதப் பூக்களும் உள்ள பழைய பிரெஞ்சுப் பகுதி. வார இறுதியில் செல்ஃபி எடுக்கும் கூட்டம் இங்கேதான். கடற்கரைக்குப் பக்கத்தில் செயின்ட் லூயி வீதியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. 1955-ல் தொடங்கியது. மை பற்றிப் பேசும்போது இந்தக் கட்டடத்தை விட்டுவிட்டுப் போக முடியாது. இந்த நிறுவனத்திலும் ஊரிலுள்ள இன்னொரு பிரெஞ்சு ஆய்வு மையத்திலுமாகச் சைவ நூல்கள் அடங்கிய சுமார் 11,000 சுவடிகள் பாதுகாக்கப்படுகின்றன. 2005-ல் யுனெஸ்கோ இவற்றை ‘உலக நினைவகம்’ பட்டியலில் சேர்த்தது.

பனை ஓலையில் எழுத்தாணியால் எழுதும்போது மையே கிடையாது. கீறல் மட்டும்தான் விழும். வெளிர் ஓலையில் வெளிர் கீறல். கண்ணுக்கு எளிதில் பிடிபடாது. விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்து ஓலை முழுக்கத் தடவி, மேலே துடைத்துவிட்டால், கீறலுக்குள் போன மை மட்டும் தங்கி எழுத்து எழுந்து வரும். திண்ணைப் பள்ளிக்கூடக் காலத்தில் பிள்ளைக்குப் புதுச்சுவடி கொடுக்கும்போது மை பூசிக் கொடுப்பார்கள். மையாடல் என்று அதற்குப் பெயர்.

பழஞ்சுவடியைப் பராமரிக்கிறவர்கள் இன்றும் இதே வரிசையில்தான் போகிறார்கள். முதலில் மென்தூரிகையால் தூசி தட்டுவது. அப்புறம் பதமாகத் துடைப்பது. நிழலில் உலர விடுவது. மங்கிய எழுத்துக்கு மறுபடி மை ஏற்றுவது அதற்கும் பிறகு. பூச்சி அண்டாமல் இருக்கவும் ஓலை நொறுங்காமல் இருக்கவும் எலுமிச்சம்புல் எண்ணெய் தடவுவதும் உண்டு. அழுக்கும் ஈரமும் இருக்கும் கீறலில் மை தங்காது என்பதால் நடுவில் உள்ள படியை யாரும் தாண்டுவதில்லை. நானூறு ரூபாய்க்கு வாங்கிய மை பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்க முடியாமல் தவிப்பவர்கள் ஒரு முறை இதை நினைத்துப் பார்க்கலாம்.

வாய்க்காலைத் திரும்பத் தாண்டி வடக்கே வந்தால் ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதி. பாரதியார் குடியிருந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது. 1908-ல் பிரிட்டிஷ் போலீஸுக்குத் தப்பி இங்கே வந்தவர், 1918 வரை இந்த ஊரில்தான் இருந்தார். சென்னையில் வந்துகொண்டிருந்த ‘இந்தியா’ வாரப் பத்திரிகை, கேலிச்சித்திரங்களோடு புதுச்சேரியிலிருந்து வர ஆரம்பித்தது. பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் அது நுழைய முடியாமல் அடைத்ததும் 1910-ல் நின்றுபோனது. அது அச்சுக்கோத்த காலம். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கி, மை தடவி அச்சடித்து, வேலை முடிந்ததும் மை போகத் துடைத்துக் காயவைத்து, மறுபடி அந்தந்த அறையில் பிரித்துப் போடுவார்கள். துடைக்காத எழுத்தில் மை இறுகினால் அடுத்த இதழில் ‘க’வும் ‘ச’வும் ஒன்றுபோலத் தெரியும்.

கார்த்திகை மழையில்

ஈரம் இந்த ஊரின் இரண்டாவது எதிரி. கடற்காற்றில் நுண்ணிய உப்பு எப்போதும் இருக்கிறது. உப்பு ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ஐப்பசியில் ஆரம்பித்து மார்கழி வரை கொடியில் போட்ட ஜீன்ஸ் இரண்டு நாளானாலும் காயாது. 2024 நவம்பர் 30-ம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. தெருவெல்லாம் வெள்ளம். அப்படி ஒரு வாரத்தில் கார்ட்ரிட்ஜ் காயப்போடுவது பற்றி யார் நினைத்தார்கள்! ஆனால், சாதாரண கார்த்திகை மழையிலும் ஒரு சின்ன ஸ்பாஞ்ச் காய்வதற்கு சென்னையின் சித்திரை வெயிலில் எடுக்கும் நேரம் போதாது.

ஊரின் வடக்கு எல்லையான சர்தார் வல்லபாய் படேல் சாலையில், ஈரத்தோடு பழகியவர்களின் தொழிற்கூடம் ஒன்று இருக்கிறது. 1959-ல் தொடங்கிய ஸ்ரீ அரவிந்த ஆசிரமத்தின் கைவினைக் காகித ஆலை. பருத்தித் துணி வெட்டுகளைக் கூழாக அடித்து, தண்ணீரில் கலக்கி, சல்லடைச் சட்டத்தில் ஒரு படலமாக அள்ளி எடுக்கிறார்கள். அடுக்கி வைத்து அழுத்தித் தண்ணீரைப் பிழிகிறார்கள். அதற்குப் பிறகுதான் தாள் காயப் போகிறது.

கார்ட்ரிட்ஜ் காயவைப்பவர்கள் இங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இந்த வரிசையைத்தான். காற்றை நம்புவதற்கு முன் தண்ணீரை வெளியே எடுத்துவிட வேண்டும். நாலாக மடித்த டிஷ்யூவின் மேல் கார்ட்ரிட்ஜை அடித்தகடு கீழே இருக்கும்படி நிறுத்தினால், ஸ்பாஞ்சில் உள்ள தண்ணீரை டிஷ்யூ தானாக உறிஞ்சும். நனைந்ததும் மாற்ற வேண்டும். மூன்று நான்கு முறை மாற்றிய பிறகு டிஷ்யூவில் வெறும் ஈரத்தடம் மட்டும் விழும். அப்போதுதான் காயவைக்கும் கட்டமே ஆரம்பம். நிழலில், காற்றோட்டமான இடத்தில், கோடையில் ஒரு நாள். மழைக்காலத்தில் இரண்டு நாள், சந்தேகமாக இருந்தால் மூன்று. புது செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைத் தூக்கிப் போடாமல் சேர்த்து வைத்திருந்தால் இப்போது உதவும். ஒரு மூடியுள்ள டப்பாவில் அவற்றோடு கார்ட்ரிட்ஜை வைத்துவிடலாம். தண்ணீரில் விழுந்த போனுக்குச் செய்வது போல அரிசிக்குள் புதைக்க வேண்டாம். தவிட்டுத் தூசி போதும், துளை அடைக்க.

வெயிலில் வைக்கலாமா? ஹேர் டிரையர் காட்டலாமா? இரண்டும் வேண்டாம். துளைத் தகடு பசையால் ஒட்டப்பட்டது. சூட்டில் அது விட்டுவிடலாம். மேல் ஸ்பாஞ்ச் காய்ந்து அடி ஸ்பாஞ்ச் ஈரமாகவே இருக்கும். மொறுமொறுவென்று வறண்டு போகும்வரை விடவும் அவசியமில்லை. டிஷ்யூவில் அழுத்தினால் தடம் விழாத அளவுக்கு வந்தால் சரி.

தாமிரப் புள்ளிகளை மட்டும் தனியாகக் கவனிக்க வேண்டும். மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த, நார் உதிராத துணியால் ஒரே திசையில் துடைத்து, காய்ந்த பிறகு விரல் படாமல் வைத்திருந்தால் போதும்.

அதன் பிறகு மை. கலர் அறை ஒன்றுக்கு இரண்டு மில்லியோ மூன்று மில்லியோதான் பிடிக்கும். ஊசியை ஸ்பாஞ்சின் நடுவரை இறக்கி, சொட்டுச் சொட்டாக விட வேண்டும். வேகமாக அழுத்தினால் உள்ளே காற்றுக் குமிழி மாட்டிக்கொள்ளும். வெள்ளைக் கோட்டுக்கு அதுவே போதும். துளை வாயில் மை பளபளத்தால் நிறுத்திவிட்டு, கொஞ்சம் திரும்ப இழுத்துக்கொள்ள வேண்டும். லேபிளைப் பழையபடி ஒட்டும்போது துளைகளை செலோ டேப்பால் இறுக அடைத்துவிடக் கூடாது. காற்று உள்ளே போனால்தான் மை வெளியே வரும். அடியை ஒரு புது டிஷ்யூவில் மெல்ல ஒற்றினால் மூன்று நிறமும் தனித்தனிக் கோடாக விழ வேண்டும். ஒரு நிறம் விழவில்லை என்றால் அரை மணி நேரம் பொறுத்து இன்னொரு முறை ஒற்றிப் பார்க்கலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் சிலது பிழைக்காது. ஹீட்டர் கருகியதைக் கழுவியும் பயனில்லை. அவற்றைக் குப்பைத் தொட்டியில் போடக் கூடாது. மின்னணுக் கழிவு விதிகளில் பிரிண்டரோடு கார்ட்ரிட்ஜும் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கிறது. மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிட வேண்டும்.

பிழைத்ததைப் பிரிண்டரில் மாட்டினால் ‘மை தீர்ந்துவிட்டது’ என்று திரை பயமுறுத்தும். நாம் நிரப்பியது அதற்குத் தெரியாது. பெரும்பாலான மாடல்களில் ‘ஓகே’ அழுத்திவிட்டுப் போகலாம். முதல் சோதனைப் பக்கத்தில் நீலம் கொஞ்சம் திக்கும். இரண்டாவதில் மஞ்சள் நிரம்பும். மூன்றாவது பக்கம் முழுசாக வந்துவிட்டால், தூதரகப் படிவத்தையோ சூரியக் குடும்ப பிராஜெக்ட்டையோ தைரியமாக எடுக்கலாம். அப்புறம் வாரத்துக்கு ஒரு கலர் பக்கம், ஏதாவது ஒன்று, எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டுக்குக் கிளம்பும் முன் எடுத்துவிட்டால் மறக்காது.